வேப்பெண்ணெய் அடித்தும் மாவுப்பூச்சி ஏன் போகவில்லை?

மாடித்தோட்டம் வைத்திருக்கும் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "செம்பருத்தியில வெள்ளை வெள்ளையா அப்பிக்கிட்டிருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" பதில்களுக்குப் பஞ்சமே இருக்காது. வேப்பெண்ணெய் என்பார் ஒருவர். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த 3ஜி கரைசல் என்பார் இன்னொருவர். புளித்த மோர், அடுப்புச் சாம்பல், சோப்புத் தண்ணீர் என்று பட்டியல் நீளும். கேட்டவர் ஒவ்வொன்றையும் ஒரு தரம் அடித்துப் பார்ப்பார். பத்து நாள் கழித்துச் செம்பருத்தி மொட்டில் மறுபடி அதே வெள்ளை, அதே மாவுப்பூச்சி. "வேப்பெண்ணெய் எல்லாம் சும்மாங்க, கேக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

வேப்பெண்ணெய் சும்மா இல்லை. நமக்கு அதனிடம் இருக்கும் எதிர்பார்ப்புதான் தப்பு. வீட்டில் கொசுவுக்கு வலை கட்டுகிறோம், எறும்புக்குப் பொடி போடுகிறோம். கொசுவலை கட்டியும் எறும்பு சாகவில்லையே என்று யாரும் அலுத்துக்கொள்வதில்லை. வலை என்ன செய்யும் என்பது தெரியும். செடிக்கு அடிப்பதை மட்டும் மொத்தமாக 'மருந்து' என்று சொல்லிவிட்டு, அது எப்படியோ வேலை செய்யும் என்று நம்பிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் பூச்சி எப்படிச் சாப்பிடுகிறது, எப்படி வளர்கிறது, அதற்கு நடுவில் வேப்பெண்ணெயும் சோப்பும் எங்கே போய்க் குறுக்கே நிற்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் வாயைப் பாருங்கள்

செடியைச் சாப்பிடும் பூச்சிகளைத் தோட்டக்காரர் இரண்டே வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். முறுக்கைக் கடித்துத் தின்பவர், இளநீரை உறிஞ்சிக் குடிப்பவர்.

கடித்துத் தின்பவை பெரும்பாலும் புழுக்கள். இலையில் ஓட்டை இருக்கும், ஓரம் அரித்திருக்கும், கீழே கருமணிகளாக எச்சம் கிடக்கும். கறிவேப்பிலைக் கன்று ஒரே வாரத்தில் குச்சியாக நின்றால், சின்னதாகப் பறவை எச்சம் போல ஏதாவது இலைமேல் கிடக்கிறதா என்று பாருங்கள். அது எச்சம் இல்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். இதற்கு எதையும் தெளிக்கத் தேவையில்லை; காலையில் காப்பி டம்ளரோடு போய்க் கையால் பொறுக்கினாலே முடிந்தது. மனசு கேட்காதவர்கள் ஒரு கிளையை அதற்கென்று விட்டுவிடலாம். நான் விட்டிருக்கிறேன்.

உறிஞ்சிக் குடிப்பவைதான் நம் தலைவலி. மாவுப்பூச்சி, அவரைக் கொடியின் நுனியில் கருப்பாக மொய்க்கும் அசுவினி, தொட்டால் பொடிப்பொடியாகப் பறக்கும் வெள்ளை ஈ எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றின் வாய் முடியைவிட மெல்லிய ஊசிக்குழல். இலையில் ஓட்டை விழாது. இலை சுருங்கும், மஞ்சளாகும், மொட்டு மலராமலே உதிரும்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? புழுக்களுக்கென்று பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவை, சுருக்கமாக பி.டி. என்று விற்கிறார்கள். அது புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். இலைமேல் தெளித்தால் இலையைக் கடிக்கும் புழு அதையும் சேர்த்து விழுங்கும். மாவுப்பூச்சியோ இலையின் மேற்பரப்பைத் தின்பதே இல்லை; ஊசியை உள்ளே விட்டுச் சாற்றைக் குடிக்கிறது. பி.டி.யை அதன் தலையில் குடம் குடமாகக் கொட்டினாலும் வயிற்றுக்குள் ஒரு துளி போகாது.

ஆக, கடிப்பவை இலைமேல் இருப்பதைச் சாப்பிடும். உறிஞ்சுபவை இலைக்குள் இருப்பதைக் குடிக்கும். இலைமேலேயே நின்றுவிடும் மருந்து எதுவானாலும், உறிஞ்சுபவற்றின் உடம்பில் அது நேராகப் பட்டாக வேண்டும். இனி வருவதெல்லாம் இவற்றைப் பற்றித்தான்.

குழாயில் குத்திய ஊசி

இலையில் தயாராகும் சர்க்கரை, தண்டுக்கும் வேருக்கும் காய்க்கும் போவதற்குச் செடிக்குள் குழாய்கள் உண்டு. பள்ளிப் புத்தகத்தில் புளோயம் என்று படித்திருப்போம். இந்தக் குழாய்க்குள் சாறு சும்மா நிற்பதில்லை, அழுத்தத்தில் ஓடுகிறது. மோட்டார் ஓடும்போது ரப்பர் குழாயில் ஊசியால் குத்தினால் எப்படிப் பீய்ச்சும்? அதுபோல.

அசுவினி வாயைப் பதித்துக் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஊசிக்குழலை மட்டும் செடியில் விட்டுவிட்டு அதன் உடம்பை வெட்டியெடுத்தால், அந்தக் குழல் வழியாகச் சாறு தானாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். செடிச் சாற்றைக் கலப்பில்லாமல் சேகரிக்க விஞ்ஞானிகள் இந்த உத்தியைப் பயன்படுத்தினார்கள். பூச்சி உறிஞ்சுகிறது என்று நாம் சொன்னாலும், பாதி வேலையைச் செடியின் அழுத்தமே செய்துகொடுத்துவிடுகிறது.

இங்கே பூச்சிக்கு ஒரு சிக்கல். அந்தச் சாறு கிட்டத்தட்டப் பானகம். சர்க்கரை ஏராளம், உடம்பு வளர்க்கத் தேவையான புரதச் சத்து சொற்பம். ஒரு குடம் பானகத்தில் நாலு பருப்பு மிதக்கிறது, அந்தப் பருப்பு மட்டும்தான் வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? குடம் குடமாகக் குடித்து, வேண்டாத பானகத்தை வெளியே தள்ளத்தான் வேண்டும். பூச்சியும் அதையே செய்கிறது. வெளியே தள்ளும் அந்த இனிப்பு நீரை இங்கே 'தேன்கழிவு' என்று சொல்வோம். செம்பருத்தி இலை பிசுபிசுவென்று இருப்பதும், அதன் கீழே நிறுத்தின ஸ்கூட்டர் சீட் ஒட்டுவதும் இதனால்தான். அந்த இனிப்பின்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலை அடுப்புக்கரி பூசினதுபோல ஆகும். நிறையப் பேர் இதை வேறொரு நோய் என்று நினைத்துத் தனியாக மருந்து தேடுவார்கள். பூச்சி போனால் பூசணத்துக்குச் சாப்பாடு கிடையாது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

இந்தப் பருப்புக் கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. செடி வாடினால் நம் கை தானாகக் கடலைப் புண்ணாக்குக் கரைசலுக்கோ யூரியாவுக்கோ போகும். அதில் இருக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், புரதத்தின் மூலப்பொருள். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் சாற்றில் பருப்பு கூடும், துளிரும் மெத்தென்று வரும். பூச்சிக்கு விருந்து. நோயாளிக்கு வாங்கிக் கொடுத்த ஹார்லிக்ஸை வீட்டுக்கு வந்த திருடன் குடித்த கதை. பூச்சி பிடித்த செடிக்கு அது அடங்கும்வரை உரத்தை நிறுத்தி வையுங்கள்.

சுருக்கமாக: பூச்சிக்கு வேண்டியது புரதம், கிடைப்பது சர்க்கரை. பிசுபிசுப்பு, கரும்பூசணம் இரண்டுக்கும் இதுவே காரணம். அடுத்து வரப்போகும் எறும்புக்கும் இதுதான்.

எறும்பு தின்னவில்லை, காவல் காக்கிறது

"எறும்பு செடியைத் தின்னுது" என்று சாக்பீஸ் கோடு போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். எறும்பு வந்தது தேன்கழிவுக்காக. மாடு மேய்ப்பவர் மாட்டைப் பார்த்துக்கொள்வதைப்போல மாவுப்பூச்சியையும் அசுவினியையும் அது பார்த்துக்கொள்ளும். தின்ன வரும் பொறிவண்டைக் கடித்து விரட்டும். சில வகை எறும்புகள் பூச்சியை வாயில் கவ்விக்கொண்டுபோய்ப் புதுத் துளிரில் விடுவதும் உண்டு. ஒரு தொட்டியில் இருந்தது எப்படி நாலாவது தொட்டிக்குப் போனது என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

எறும்பு ஏறும் வழியை மறித்தாலே பாதிப் பிரச்சினை தானாகக் குறையும். வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே யோசனை. தொட்டி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பழைய கிண்ணங்களில் வைக்கலாம். கொசு முட்டையிடாமல் இருக்க இரண்டு நாளுக்கொரு தரம் தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள். தரையில் நிற்கும் செடியென்றால் தண்டைச் சுற்றித் துணியோ டேப்போ கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவலாம். பட்டைமேல் நேரடியாக கிரீஸ் வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், செடியின் கிளை சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடாமல் இருக்க வேண்டும். தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம்.

அந்த வெள்ளை மாவு என்ன?

மாவுப்பூச்சியின்மேல் இருப்பது மெழுகு. அதன் உடம்பிலிருந்தே சுரந்து வருவது. உள்ளே இருக்கும் பூச்சி இளஞ்சிவப்போ மஞ்சளோ கலந்த நிறத்தில் நசநசவென்று மென்மையாக இருக்கும், குத்தினால் தண்ணீர்தான். அந்தப் பஞ்சு உடம்புக்கு மெழுகுதான் ரெயின்கோட்.

சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பதும் மெழுகுதான். மாவுப்பூச்சிமேல் வெறும் தண்ணீரில் கலந்த எதைத் தெளித்தாலும் அப்படியே உருண்டு விழுந்துவிடும். இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்து வடிகட்டிய தண்ணீருக்கும் இதே கதிதான். நெடியால் கொஞ்சம் விலகிப் போகும் பூச்சிகள் இருக்கலாம். ஊசியைக் குத்தி உட்கார்ந்துவிட்ட மாவுப்பூச்சி அதற்கெல்லாம் எழுந்து போகாது.

சோப்பு இங்கே உள்ளே வருகிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டைச் சோப்பு கழுவுவதுபோல, மெழுகை இளக்கித் தண்ணீரைப் பூச்சியின் உடம்போடு ஒட்டவைக்கும். பூச்சிக்கு நம்மைப்போல மூக்கு கிடையாது. விலாப்பக்கத்தில் வரிசையாக நுண்ணிய துளைகள் உண்டு, மூச்சுத்துளைகள் என்பார்கள். சோப்பு நீர் உடம்பில் ஒட்டினால் தோலின் செல்கள் சேதமாகும், மூச்சுத்துளைகளும் அடைபடும். இதில் ஒரு நிபந்தனை: ஈரமாக இருக்கும்வரைதான் சோப்புக்கு வீரியம். காய்ந்துவிட்டால் அவ்வளவுதான், அரை மணி கழித்து வந்து உட்காரும் பூச்சியை ஒன்றும் செய்யாது.

இன்னொன்று. சோப்பு என்றால் துணி துவைக்கும் பவுடர் இல்லை. அதன் காரம் இலையையே கருக்கிவிடும். காதி சோப்பு மாதிரி சாதாரணச் சோப்பைச் சீவிக் கரைக்கலாம். எதுவானாலும் ஒரே ஒரு இலையில் அடித்து, ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதில் அடியுங்கள்.

வேப்பெண்ணெய்க்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்

முதல் ஆள் எண்ணெய்தான். எந்த எண்ணெயும் பூச்சியின்மேல் படலமாகப் படிந்தால் மூச்சுத்துளைகளை அடைக்கும். இதற்கு வேப்பெண்ணெய்தான் வேண்டும் என்பதுகூட இல்லை.

இரண்டாவது ஆள் அசாடிராக்டின். வேப்பங்கொட்டைக்குள் இருக்கும் கசப்பான வேதிப்பொருள். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் தின்றுவிட்டு வேப்பமரங்களை மட்டும் தொடாமல் போனதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். வேம்பு பற்றிய ஆராய்ச்சி உலக அளவில் சூடுபிடித்ததற்கு அது ஒரு காரணம். 1968-இல் அசாடிராக்டினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். நெல் மூட்டைக்குள் வேப்பிலையைப் போட்டுவைத்த நம் பாட்டிமாருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருந்திருக்காது.

அசாடிராக்டின் என்ன செய்கிறது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது பட்டதும் பூச்சி செத்து விழாது.

பூச்சியின் தோல் நம் தோலைப்போல உடம்போடு சேர்ந்து வளராது. பள்ளிப் பிள்ளையின் யூனிஃபார்ம் மாதிரி: பிள்ளை வளரும், சட்டை வளராது, ஒரு கட்டத்தில் பழையதைக் கழற்றிவிட்டுப் புதுசு போட வேண்டும். பூச்சியும் வளர வளரப் பழைய தோலைக் கழற்றுகிறது. இதுதான் தோலுரித்தல். எப்போது கழற்றுவது என்று உடம்புக்குள் ஹார்மோன் கட்டளையிடும். அசாடிராக்டின் இந்தக் கட்டளையைக் குழப்புகிறது. பூச்சிக்குப் பழைய சட்டையைக் கழற்றத் தெரியாமல் போகும், பாதியில் மாட்டிக்கொள்ளும், அதிலேயே செத்துப்போகும். கூடவே பசியும் மந்தமாகும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தாமாகக் கிளம்புகின்றன. ஒன்று, இன்று அடித்தால் பலன் நாளைக்குத் தெரியாது. அடுத்த தோலுரிப்பு வரும்வரை சில நாள் பொறுக்க வேண்டும். அடித்த மறுநாள் பூச்சி அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "கேக்கல" என்று சொல்வது அவசரம். இரண்டு, வளர்ந்து முடிந்த தாய்ப்பூச்சி இனித் தோலுரிக்கப்போவதில்லை. அதற்குப் போட யூனிஃபார்மே கிடையாது. அதை எண்ணெயும் சோப்பும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதுதான் எல்லாரும் கோட்டைவிடும் இடம்: முட்டை. மாவுப்பூச்சி பஞ்சுப்பொதி போன்ற பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அந்தப் பொதிக்குள் நாம் தெளிப்பது சரியாகப் போகாது. பெரிய பூச்சியெல்லாம் செத்த நிம்மதியில் நாம் இருக்கும்போது, ஒன்றிரண்டு வாரத்தில் பொதிக்குள்ளிருந்து குஞ்சுகள் கிளம்பும்.

அந்தக் குஞ்சுகள்தான் நமக்கு வாய்ப்பு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு, மஞ்சள் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். மேலே மெழுகு இன்னும் ஏறியிருக்காது. ரெயின்கோட் இல்லாமல் மழையில் மாட்டியவர்கள். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று நாலு முறை அடிக்கச் சொல்வது இதற்காகத்தான்: ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொரித்தவை மெழுகு போர்த்துவதற்குள் மாட்ட வேண்டும். ஒரே முறை அடித்துவிட்டு வேப்பெண்ணெயைக் குறைசொல்வது, ஆன்டிபயாடிக் மாத்திரையை முதல் நாளோடு நிறுத்திவிட்டுக் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது என்று டாக்டரைத் திட்டுவதுபோல.

திரும்பப் பார்த்தால்: சோப்பு மெழுகை உடைக்கிறது, எண்ணெய் மூச்சை அடைக்கிறது, அசாடிராக்டின் வளரவிடாமல் தடுக்கிறது. முட்டையை மூன்றும் தொடுவதில்லை. அதனால்தான் மறுபடி மறுபடி.

கலக்கும் விதம்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அதாவது ஒரு டீஸ்பூன். சோப்புக் கரைசல் ஒன்றிரண்டு மில்லி. வரிசை முக்கியம். எண்ணெயைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கடைசியில் சோப்பைப் போட்டால் எண்ணெய் மேலேயே மிதக்கும். முதலில் ஒரு கிண்ணத்தில் எண்ணெயையும் சோப்பையும் விரலால் குழைத்து, அதில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். நீர் மோர் நிறத்துக்கு வந்தால் சரியாகக் கலந்திருக்கிறது. மேலே மஞ்சள் வட்டங்கள் மிதந்தால் இன்னும் கலக்க வேண்டும். அந்த வட்டங்கள் இலையில் பட்டு வெயிலும் சேர்ந்தால் இலை கருகும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதும் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே இருங்கள்.

விளக்கேற்றும் எண்ணெய் என்று விற்பவற்றில் வேறு எண்ணெய்கள் கலந்திருக்கும். செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெயென்றால் மூடியைத் திறந்ததும் வீடே சொல்லும். வேப்பங்கொட்டை கிடைப்பவர்கள் எண்ணெய்கூட வாங்க வேண்டியதில்லை. ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். விவசாயிகள் வெகுகாலமாகச் செய்வது இதுதான்.

அடிக்கும் நேரம் சாயங்காலம். வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும், தேனீக்களும் அந்நேரம் கூட்டுக்குப் போயிருக்கும். அடிக்கும் இடம் இலையின் அடிப்புறம், கணுக்கள், மொட்டின் காம்பு. நின்றபடியே மேலிருந்து தெளித்தால் பூச்சிக்கு அது குடைமேல் மழை பெய்த கதைதான். குனிந்து, இலையைத் திருப்பி, சொட்டச் சொட்ட.

அதற்கு முன்னால் ஒரு வேலை, இதைச் செய்யாமல் ஸ்பிரே பாட்டிலை எடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் செடியைக் கழுவுங்கள். அசுவினி பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்; விழுந்தால் திரும்பி ஏறி வருவது அதற்குக் கஷ்டம். அது ஒரு வாரத்திலேயே குட்டி போடும் வயதுக்கு வந்துவிடும். ஆணின் துணையில்லாமலே, முட்டையில்லாமல் நேராகக் குட்டி. அந்தக் குட்டியின் வயிற்றில் பிறக்கும்போதே அடுத்த தலைமுறை உருவாகிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு வாரம் தள்ளிப்போடுவது விலை அதிகம். மாவுப்பூச்சிக்குத் தண்ணீரோடு பழைய டூத்பிரஷ்ஷும் வேண்டும். ரொம்பவும் அப்பிப்போன கிளையை வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துவிடுங்கள். தொட்டிக்கு அடியிலேயே போட்டால் ஊர்ந்து மறுபடி மேலே ஏறும்.

டூத்பிரஷ்ஷால் நான் செய்த கொலை

சில வருஷங்களுக்கு முன் என் செம்பருத்தியில் சாதாரண மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, மெழுகு நூல்கள் சிலிர்த்துக்கொண்டு, வேகமாக நகரும் ஏழெட்டைப் பார்த்தேன். "தாய்ப்பூச்சி போல" என்று முதல் வேலையாக அவற்றைத்தான் தேய்த்துத் தள்ளினேன். அடுத்த மாதம் மாவுப்பூச்சி இரண்டு மடங்கு. நான் தேய்த்தது மாவுப்பூச்சியையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது. உருவத்திலும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை வேஷம். வித்தியாசம் காண எளிய வழி: மாவுப்பூச்சி மந்தமாக ஊரும் அல்லது அப்படியே உட்கார்ந்திருக்கும். இது சுறுசுறுப்பாக ஓடும், புரட்டினால் ஆறு கால்கள் தெளிவாகத் தெரியும்.

நாம் கூப்பிடாமலே வேலைக்கு வரும் இந்த மாதிரி ஆட்கள் நிறைய. சிவப்புப் பொறிவண்டு எல்லாருக்கும் தெரியும். முதலைக்குட்டி போலிருக்கும் அதன் புழுவும் வண்டுக்குச் சளைக்காமல் தின்னும், ஆனால் அதைக் கண்டால் பயந்து நசுக்கிவிடுவோம். இலையின் அடியில் மெல்லிய நூலின் நுனியில் முட்டை நிற்பதைப் பார்த்தால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது, தொடாதீர்கள். அசுவினிக் கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் உப்பி, வைக்கோல் நிறமாகி, அசையாமல் இருந்தால் அதற்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்கிறது. இந்தக் குளவி கொட்டாது, எறும்பைவிடச் சின்னது. பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், பொரித்த குஞ்சு உள்ளேயிருந்து அதைத் தின்று, வட்டமாக ஒரு ஓட்டை போட்டு வெளியே வரும்.

இவ்வளவு சின்னக் குளவியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குப் பப்பாளி மாவுப்பூச்சியின் கதை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி அது. 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். கள்ளிப்பூச்சி என்று ஊர்ப்பக்கம் பெயர் வைத்தார்கள். பப்பாளி, மரவள்ளி, பட்டுப்புழுவுக்கு வளர்க்கும் மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடிக்க அடிக்கத் திரும்பி வந்தது. சொந்த ஊரில் அதை அடக்கி வைத்திருந்த குளவி இங்கே இல்லை என்பதுதான் காரணம். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் வரவழைத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பெருக்கித் தோட்டங்களில் விட்டது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி இங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது. சில மாதங்களிலேயே பூச்சி அடங்கியது. அதே 2008-இல் பூச்சி வந்திறங்கிய இலங்கையிலும் இதே வழிதான் கைகொடுத்தது.

அப்போ 'ஸ்ட்ராங்கா' ஒன்று அடித்தால்?

கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அடித்த மறுநாள் செடி சுத்தமாக இருக்கும், மனசுக்கும் திருப்தி. பிரச்சினை அதற்கப்புறம். செத்ததில் பொறிவண்டும் குளவியும் சேர்த்தி. பொதிக்குள் இருந்த முட்டைகள் பொரித்து வெளியே வரும்போது தின்ன ஆளில்லை. மாவுப்பூச்சி மாதக் கணக்கில் நூறு நூறாகப் பெருகும். பொறிவண்டு, பூச்சி பெருகின செய்தி தெரிந்து பிறகுதான் வரும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் இதைப் பெரிய அளவில் பார்த்தார்கள். 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வேடாலியா என்ற பொறிவண்டு, அங்கே அழிச்சாட்டியம் செய்துகொண்டிருந்த, மாவுப்பூச்சிக்கு உறவான செதில்பூச்சியை அடக்கி வைத்திருந்தது. 1940-களின் கடைசியில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். வண்டு செத்தது, செதில்பூச்சி மறுபடி தலையெடுத்தது.

வேப்பெண்ணெயும் சோப்பும் நேராகப் பட்டால் நல்ல பூச்சியையும் பாதிக்கும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் காய்ந்த சோப்பு மறுநாள் வரும் பொறிவண்டை ஒன்றும் செய்யாது. அது போதும்.

அப்புறம், எல்லா இலைச் சுருட்டலும் இந்தக் கணக்கில் வராது. மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால் உள்ள சிலந்திக்குச் சொந்தம். தக்காளிச் செடி குட்டையாகி இலையெல்லாம் கிண்ணம்போல் குவிந்தாலோ, வெண்டை இலையில் மஞ்சள் நரம்பு வலைபோல் பரவினாலோ அது வெள்ளை ஈ கொண்டுவந்து விட்ட வைரஸ். அதற்குத் தெளிப்பதற்கு எதுவும் கிடையாது. பிடுங்கிப் போட்டுவிட்டு, மற்றச் செடிகளுக்கு நடுவில் மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிடுங்கள். மஞ்சளைக் கண்டால் வெள்ளை ஈ தானாக வந்து ஒட்டும்.

செத்ததா, இருக்கிறதா?

மூன்று முறை அடித்தாயிற்று. செம்பருத்தியில் இன்னும் வெள்ளை தெரிகிறது. இங்கேதான் நிறையப் பேர் பதறிப்போய் நாலாவது, ஐந்தாவது என்று கூட்டிக்கொண்டே போய் இலையைக் கருக்குவார்கள். மாவுப்பூச்சி செத்தாலும் மெழுகு எங்கேயும் போகாது, அங்கேயே ஒட்டியிருக்கும். ஒரு குண்டூசியால் அந்த வெள்ளையைக் கிளறிப் பாருங்கள். ஈரமாக இழுபட்டு ஊசியில் நிறம் ஒட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது, இன்னொரு முறை அடிக்கலாம். பொரிமாவு போல உதிர்ந்தால் அது வெறும் சட்டை. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஸ்பிரே பாட்டிலை உள்ளே வையுங்கள்.